மார்ச்சில் பனிமலை, ஏப்ரலில் சித்திரை: பினாங்குக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பனிச்சறுக்கு விடுமுறை பற்றி உறவினர்களும், கோயிலில் பார்ப்பவர்களும், பிள்ளைகளுடன் படிப்பவர்களின் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பனிக்காலம் முடிகிற நேரத்தில் போங்கள், திரும்பி வந்து சித்திரைப் புத்தாண்டை வீட்டில் கொண்டாடுங்கள். இரண்டையும் சேர்த்தே திட்டம் போடுங்கள். குளிர் விடைபெறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு இளவேனில் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எல்லோரும் டிசம்பரில்தானே போகிறார்கள், ஏன் மார்ச்?

2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது, அதனால் அந்த மாதம்தான் முதலில் மனதில் தோன்றும். ஆனால் டிசம்பர் முதல் பாதியில் ஜப்பானின் வடக்கிலேயே பனி சரியாகச் சேர்ந்திருக்காது, பல சரிவுகள் மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் தொடங்கி சீனப் புத்தாண்டு முடியும்வரை அறை வாடகை உச்சத்தில் நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் பனி அருமையாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் 32 டிகிரியில் வளர்ந்த பிள்ளையைப் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில், முகத்தில் பனிக்காற்று அடிக்க நிறுத்தி வைத்து, "ரசி" என்றால் எப்படி ரசிக்கும்?

மார்ச் பள்ளி விடுமுறையில் போனால் மலையில் பனிக்காலம் முழுக்கச் சேர்ந்த பனி கிடக்கும், பகலில் வெயிலும் இருக்கும், கூட்டமும் வாடகையும் குறையும். ஒரே குறை, பனியின் தன்மை மாறிவிடும். பகலில் உருகி இரவில் மறுபடி உறைவதால் காலை 8 மணிக்குச் சரிவு கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும், பிற்பகலில் ஈரச் சேறாகிக் காலை இழுக்கும். நடுவில் 10 மணி முதல் 1 மணி வரை மேற்பரப்பு மட்டும் லேசாக இளகியிருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு அது நல்ல நேரம், வகுப்பை அந்த நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள்.

எந்த நாடு, எந்த மலை?

மார்ச் என்று முடிவு செய்துவிட்டால் ஜப்பான்தான். கொரியாவில் சரிவுகள் மார்ச் தொடக்கத்திலேயே மூட ஆரம்பித்துவிடும், அங்கே பனியில் பெரும்பகுதி இயந்திரத்தால் உண்டாக்கப்படுவது. நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனும் ஆஸ்திரேலியாவின் திரெட்போவும் நல்ல இடங்கள், ஆனால் அவற்றின் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை.

ஜப்பானில் ஹொக்கைடோ தீவுக்குப் பனி எப்படி வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டுங்கள். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை எடுத்துக்கொள்கிறது, மலையில் மோதி அதைப் பனியாகக் கொட்டுகிறது. ஹொக்கைடோவின் நிசேக்கோவில் ஒரு பருவத்துக்குச் சுமார் 15 மீட்டர் பனி விழுகிறது. அங்கே நான்கு பனிச்சறுக்குப் பகுதிகள் ஒரே மலையைச் சுற்றி இருக்கின்றன, எதிரே 1,898 மீட்டர் உயர யோத்தேய் எரிமலை. ஆங்கிலம் பேசும் பயிற்சியாளர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், ஆனால் செலவும் அங்கேதான் அதிகம்.

முதல் தடவை, பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் கலந்த குடும்பம் என்றால் ஹொக்கைடோவிலேயே உள்ள ருசுட்சு என்ற பனிச்சறுக்கு இடத்தைச் சொல்வேன். ஹோட்டல் வாசலிலேயே சரிவு, ஹோட்டலுக்குள்ளேயே குடை ராட்டினம், அலுத்துப்போன பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடலாம். நகரத்தில் தங்கி ஒரு நாள் மட்டும் மலைக்குப் போனால் போதும் என்பவர்கள் சப்போரோவில் தங்கி தேய்னே மலைக்குப் போகலாம். ஆசியாவில் முதல் குளிர்கால ஒலிம்பிக் 1972-இல் சப்போரோவில் நடந்தபோது சில போட்டிகள் அந்த மலையில்தான் நடந்தன.

இன்னொரு வழியும் உண்டு. தோக்கியோவுக்குப் போவதாக ஏற்கனவே முடிவு செய்திருந்தால் காலா யுசாவா என்ற பனிச்சறுக்கு மலை போதும். தோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ரயில் நிலையக் கட்டடத்திலேயே உடையும், காலில் மாட்டிச் சறுக்கும் ஸ்கீ பலகையும் வாடகைக்கு எடுத்து, கம்பியில் தொங்கி மேலே போகும் கொண்டோலாவில் ஏறிவிடலாம். மார்ச் கடைசியில் தோக்கியோவில் செர்ரி பூக்கத் தொடங்கும், அதனால் ஒரே வாரத்தில் பனியும் பூவும் இரண்டும் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

பினாங்கிலிருந்து எப்படிப் போவது? விசா வேண்டுமா?

கோலாலம்பூர் போய் மாற வேண்டும். அங்கிருந்து சப்போரோவின் நியூ சிட்டோசே விமான நிலையத்துக்கு ஏர் ஏசியா எக்ஸ் நேரடியாகப் பறக்கிறது, ஏறக்குறைய எட்டு மணி நேரப் பயணம். அங்கிருந்து நிசேக்கோவுக்குப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பினாங்கு விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்தால் நடுவில் நிறைய நேரம் விடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இழப்பு உங்களுடையது.

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் நம் குடும்பங்களில் எல்லோரிடமும் மலேசியக் கடப்பிதழ் இருப்பதில்லை. நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள கார்டு வைத்திருக்கும் பாட்டி, தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்து இன்னும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் மருமகள், இவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே விசா வேலையைத் தொடங்குங்கள், ஜப்பானியத் துணைத் தூதரகம் பினாங்கிலேயே இருக்கிறது. ஒருவரை விட்டுவிட்டுப் போகும் நிலை கடைசி வாரத்தில் தெரியவந்தால் அந்தப் பயணத்தில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒரே எண்ணாகச் சொன்னால் அது எல்லோருக்கும் பொருந்தாது. எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்று சொல்கிறேன். சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கு, நிசேக்கோவின் நான்கு பகுதிகளுக்கும் சேர்த்த பாஸ் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 10,000 யெனைத் தாண்டும், புதியவருக்கு அது வீண். அடிவாரத்துச் சரிவுக்கு மட்டுமான பாஸ், அல்லது சில மணி நேரத்துக்கான பாஸ் கேட்டு வாங்குங்கள். சிறிய மலைகளில் நன்றாகவே குறையும். சமையலறை உள்ள அறை எடுத்தால் ஐந்தாறு பேருக்குச் சாப்பாட்டுச் செலவு பெரிதும் இறங்கும். குறைக்கக் கூடாதது இரண்டு: பயிற்சி வகுப்பு, காப்புறுதி.

எங்கள் வீட்டில் யாருக்கும் சறுக்கத் தெரியாது. வீடியோ பார்த்துப் போனால் போதாதா?

போதாது. அண்ணனோ மாமாவோ "நான் பிடித்துக்கொள்கிறேன் வா" என்று மேலே கூட்டிப் போவதும் வேண்டாம். முதல் நாள் வகுப்பில் சொல்லித்தருவது அழகாகச் சறுக்குவதை அல்ல. நிற்பது, விழுவது, விழுந்தால் எழுவது, நகரும் லிஃப்டில் ஏறி இறங்குவது, மேலே இருந்து வருகிறவர் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது, இவைதான். கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலே இருந்து வருபவர்தான் விலக வேண்டும். இந்த ஒரு விதியைப் பிள்ளைகளுக்குப் போகும் முன்பே மனப்பாடம் செய்ய வைத்துவிடுங்கள்.

இரண்டு ஸ்கீயின் முனைகளையும் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும், அதைத்தான் பயிற்சியாளர்கள் பீட்சா என்பார்கள், நேராக வைத்தால் பிரெஞ்சு ஃப்ரைஸ். விழப்போகிறது என்று தெரிந்தால் முரண்டு பிடிக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள், முழங்கால் தப்பிக்கும்.

பூட்ஸ் சரியாக இல்லையென்றால் நாளே கெட்டுவிடும், அதனால் வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறைதான் போட வேண்டும், இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்னால் விலக வேண்டும். உள்ளே போடும் தெர்மல் கால்சட்டையை பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது.

கடைக்காரர் உங்கள் எடை கேட்பார். உண்மையான எடையைச் சொல்லுங்கள், பக்கத்தில் சம்பந்தி நின்றாலும் சரி. விழும்போது பூட்ஸிலிருந்து ஸ்கீ தானாகக் கழன்றுகொள்ளும் பிடியை அந்த எடையை வைத்துத்தான் முடுக்குகிறார்கள். தவறான எண் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, இல்லையென்றால் கழலக் கூடாத நேரத்தில் கழன்றுவிடும்.

இங்கேயே தயாராக வேண்டுமானால் சன்வே பிரமிட் போன்ற பனித்தரைகளில் ஸ்கேட்டிங் பழகலாம். அது வேறு விளையாட்டுதான், ஆனால் வழுக்கும் தரையைப் பார்த்துப் பயப்படாமல் நிற்கும் பழக்கம் வரும். கூடவே ஒரு மாதம் தினமும் படி ஏறுங்கள், தொடைக்கு வலு வேண்டும்.

பிள்ளைக்கு 4 வயதுதான். கற்றுக்கொள்ளுமா?

கற்றுக்கொள்ளும். பெரிய இடங்களில் 3, 4 வயதிலிருந்தே குழந்தைகளுக்கான வகுப்புகள் உண்டு. அரை நாள் போதும், மீதி நேரம் பனியில் விளையாடட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் அழும், ஒளிந்துகொண்டால் நன்றாகக் கற்கும்.

தாத்தா பாட்டியை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. சறுக்கத் தேவையே இல்லை, கொண்டோலாவில் ஏறி மேலே போய் மலையைப் பார்த்து ஒரு காப்பி குடித்துவிட்டு அதிலேயே இறங்கிவிடலாம். அவர்களுக்குச் சரிவைவிடச் சாலைதான் ஆபத்து. உருகி உறைந்த நடைபாதையில் நம் செருப்பு நிற்காது, காலணிக்கு அடியில் மாட்டும் பல்வைத்த பட்டைகள் அங்குள்ள கடைகளில் கிடைக்கும், முதல் நாளே வாங்கிக் கொடுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், குளிரிலிருந்து சட்டென்று சூட்டில் இறங்குவது உடம்புக்குப் பெரிய மாற்றம். பொதுக் குளியலில் ஆடை இல்லாமல்தான் இறங்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கூச்சப்படுபவர்களுக்குத் தனிக் குளியலறை வாடகைக்குத் தரும் விடுதிகள் உண்டு.

என்ன உடை வாங்குவது?

ஜாக்கெட், கால்சட்டை, ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரத்துக்காக ஆளுக்கு ஒன்று வாங்காதீர்கள், பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் பத்தாது. சொந்தமாக வாங்க வேண்டியவை உள்ளாடைத் தெர்மல், நீர்புகாத கையுறை, ஸ்கீ கண்ணாடி, காலுறை, இவ்வளவுதான். இவை டெக்காத்லான், யுனிவர்சல் டிராவலர், யுனிக்லோ போன்ற கடைகளில் இங்கேயே கிடைக்கும். உள்ளே பருத்திச் சட்டை போடவே கூடாது, வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிரவைக்கும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதற்கு மேலே போடக்கூடிய ஸ்கீ கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள்.

மோதிரம், வளையலைக் கழற்றி அறையில் வையுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்கள், அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். உதட்டுக்கும் கைக்கும் வாஸ்லின் கட்டாயம்.

நமக்குக் கறுப்புத் தோல்தானே, சன்ஸ்கிரீன் எதற்கு?

இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. வெயில் மேலேயிருந்தும் வரும், கீழேயிருந்தும் வரும். மூக்கின் அடிப்பகுதி, தாடை, காது எல்லாம் எரியும். கண்ணாடி இல்லாமல் பிற்பகல் முழுக்க நின்றால் இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் வலித்து நீர் கொட்டும். மார்ச் வெயில் ஜனவரியைவிடக் கடுமை என்பதால் இது நமக்கு இரட்டிப்பு முக்கியம்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கலாம். ஜப்பானியச் சமையலில் தாஷி என்ற சாறு எல்லாவற்றிலும் இருக்கும், அது பெரும்பாலும் மீனில் எடுப்பது. வெறும் காய்கறி சூப் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அசைவம் சாப்பிட்டு மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் கறி விஷயத்தில் கவனமாக இருங்கள், அங்கே கறிக் குழம்புக்குப் போடும் கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு கலப்பது வழக்கம். சப்போரோவின் சூப் கறி ரசம்போல நீர்த்து, மசாலா மணத்தோடு, சோற்றுடன் வரும். நம் நாக்குக்குப் பிடிக்கும், ஆனால் அடிச்சாறு எதில் செய்தது என்று கேட்க வேண்டும்.

பெட்டியில் கொண்டுபோக: கடையில் அடைத்து விற்கும் சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, அசைவம் சாப்பிடுபவர்களுக்கு நெத்திலி சம்பல் எல்லாம் சரி. இறைச்சி கலந்த எதையும் எடுக்காதீர்கள், ஜப்பானியச் சுங்கம் அதில் மிகக் கண்டிப்பு. நம் ஊர்ப் பச்சை மிளகாய், மாங்காய்க்கு அனுமதியே இல்லை, பச்சைக் கறிவேப்பிலை, ஏன் அரிசிக்கும்கூடத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரிசி அங்கே வாங்கலாம், ஒட்டும், தொக்கு போட்டுப் பிசைந்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

நம்ம ரைஸ் குக்கரைக் கொண்டு போகலாமா?

வேண்டாம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 240 வோல்ட் கருவி, சோறு வேகாது. கைப்பேசிச் சார்ஜர் மட்டும் வேலை செய்யும், தட்டையான இரு முனை அடாப்டர் வேண்டும்.

சாதாரணப் பயணக் காப்புறுதி போதுமா?

பனிமலை விளையாட்டுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் பாருங்கள். பல திட்டங்களில் அது தனிக் கட்டணம். சேர்ந்திருந்தாலும், குறிக்கப்பட்ட சரிவைவிட்டு வெளியே போய் அடிபட்டால் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். கயிறு கட்டித் தடுத்த இடத்துக்குள் போவது உயிருக்கும் ஆபத்து.

மார்ச் கடைசியில் அங்கே வசந்தம் தெரியுமா?

கூர்ந்து பார்த்தால் தெரியும். இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21 ஜப்பானில் பொது விடுமுறை. ஹொக்கைடோவில் செர்ரி பூக்க ஏப்ரல் கடைசியாகிவிடும், அதனால் பூவைத் தேடாதீர்கள், ஓடைக் கரையைப் பாருங்கள். பனி உருகி மண் தெரியும் இடங்களில் ஃபுக்கினோதோ என்ற வெளிர்பச்சை மொட்டு பனியை விலக்கிக்கொண்டு முதலில் தலை காட்டும். அதை மாவில் தோய்த்துப் பொரித்துச் சாப்பிடுவார்கள், நன்றாகக் கசக்கும். குளிர்காலம் முழுக்க மந்தமாக இருந்த உடம்பைக் கசப்புதான் எழுப்பும் என்பது அவர்கள் நம்பிக்கை. கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டில் வேப்பம்பூப் பச்சடியை முன்னால் வைக்கும்போது, புது வருடத்தில் ஏன் கசப்பு என்ற கேள்வியே வராது.

நம் ஊரில் வருடம் முழுக்க வெயில்தான். எந்த வசந்தத்தை வரவேற்பது?

வருடம் முழுக்க ஒரே மாதிரி என்பது குளிரறையில் இருந்து பார்ப்பவர்கள் சொல்வது. பினாங்கு, கெடா, பெர்லிஸ் பக்கம் ஜனவரி, பிப்ரவரி தெளிவாக வறண்டுவிடும், புல் மஞ்சளாகும். அந்த வறட்சிக்குப் பிறகு மழை தலைகாட்டும் மார்ச், ஏப்ரலில் மரங்கள் பூக்கும். சாலையோரத் தெகோமா இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாக நிற்கும், அங்சானா மஞ்சளாகக் கொட்டிக் கார் கூரையை மூடும், சரக்கொன்றை தொங்கும், வேம்பு பூக்கும். பெர்லிஸ் ஹாருமானிஸ் மாம்பழம் ஏப்ரலில் வரத் தொடங்கும். இதற்கு மேல் ஒரு வசந்தத்திடம் என்ன எதிர்பார்ப்பது? நம் முன்னோர் பிரித்த ஆறு பருவங்களில் மாசி, பங்குனி பின்பனி, சித்திரை, வைகாசி இளவேனில். பங்குனியில் பனிமலையில் இருந்துவிட்டுச் சித்திரைக்கு வீட்டுக்கு வரும் குடும்பம் அந்தக் கணக்கை அப்படியே நடந்து பார்க்கிறது.

சமநாள் மார்ச்சில் என்றால் சித்திரை 1 ஏன் ஏப்ரல் 14?

சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாளை நாம் விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறோம். பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால் சமநாளுக்கும் அந்த நுழைவுக்கும் இப்போது சுமார் 24 டிகிரி இடைவெளி, நாளுக்கு ஒரு டிகிரி என்று வைத்தால் 24 நாள். தை முதல் நாளையே புத்தாண்டாகக் கொண்டாடும் குடும்பங்களும் இங்கே உண்டு, அவர்களுக்கும் இளவேனில் பொதுதான்.

திரும்பி வந்து மூச்சு விடவே நேரம் இருக்காதே, புத்தாண்டுக்கு என்ன செய்ய முடியும்?

ஏப்ரல் 14 நமக்குப் பொது விடுமுறை இல்லை, அதனால் பெரிதாகத் திட்டம் போட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். ஊருக்குப் போகும் முன்பே அந்த ஒரு நாளுக்கும் சேர்த்து வேலையில் லீவு எழுதிவிடுங்கள். முந்தைய இரவு தட்டில் கண்ணாடி, மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் நகை, நாணயம், கொன்றைப் பூ வைத்துவிடுங்கள். வெற்றிலையும் மாலையும் லிட்டில் இந்தியா மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் கிடைக்கும். விடியற்காலையில் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து தட்டின் முன் திறந்துவிடுங்கள்.

பச்சடிக்கு ஒரு மாங்காயைத் தோலோடு நறுக்கி வேகவைத்து, வெல்லம் போட்டு, உப்பும் மிளகாயும் சேர்த்து, நெய்யில் கருகாமல் வறுத்த வேப்பம்பூவைக் கடைசியில் தூவ வேண்டும். வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் போட்டால் நிறமும் மணமும் தனி அழகு, எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம். புதுப் பூ கிடைக்காவிட்டால் காய்ந்த பூ பொட்டலத்தில் விற்கிறார்கள். மாலையில் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கோ வீட்டுக்கு அருகிலுள்ள கோயிலுக்கோ போங்கள், பஞ்சாங்கம் வாசித்தால் இருந்து கேளுங்கள்.

குளிர் உடைகளை எப்படி வைப்பது?

புத்தாண்டுக்கு வீடு துடைக்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்த கையுறை ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். துவைத்து, முழுதாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். இறகு ஜாக்கெட் வாங்கியிருந்தால் அமுக்கி மடிக்காமல் தொங்கவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சிறியதாகிவிடும் என்று தெரிந்தவற்றை உடனே சித்தப்பா வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள், அடுத்த மார்ச்சில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொள்ளட்டும்.